எள்ளு, கச்சான் நூடில்ஸ்: யாழ்ப்பாணச் சமையலறையில் போத்தல் சோஸ் இல்லாமல் செய்யும் முறை

எள்ளும் கச்சானும் சேர்த்த நூடில்ஸ் செய்முறை தேடினால் தஹினி (எள்ளு விழுது) போத்தல், பீனட் பட்டர் போத்தல், வறுத்த எள்ளெண்ணெய், சீனக் கறுப்பு வினாகிரி என்று முதலிலேயே ஒரு நீளப் பட்டியல் வரும். யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. இருந்தாலும் விலை கைக்கு எட்டாது. ஆனால் எள்ளு, கச்சான், நல்லெண்ணெய், பனங்கட்டி, செத்தல் மிளகாய், உள்ளி, இஞ்சி எல்லாம் உள்ள வீட்டில் அந்தப் போத்தல்கள் எதற்கு? எள்ளை வீட்டிலேயே வறுத்து அன்றைக்கே அரைத்தால் வருகிற வாசத்தை எந்தப் போத்தலும் தராது. இந்தச் சாப்பாட்டில் முக்கால்வாசி வேலை எள்ளை வறுப்பதிலும் சோஸைக் கரைப்பதிலும்தான் இருக்கிறது. அதனால் அந்த இரண்டையும் விரிவாகச் சொல்லி, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இது சீனாவில் பல ஊர்களில் பல விதமாகச் செய்கிற சாப்பாடு. வுஹானில் எள்ளு விழுது போட்ட சூடான நூடில்ஸ் காலைச் சாப்பாடு. சிச்சுவானில் நூடில்ஸை அவித்து, எண்ணெய் தடவி, விசிறி ஆறவைத்துச் சாப்பிடுவார்கள். பீஜிங் பக்கம் எள்ளையும் கச்சானையும் சேர்த்து அரைத்த விழுதே கடையில் விற்கும். நியூயோர்க்கின் சைனாடவுனில் 1970களில் பேர்பெற்ற ஆறிய எள்ளு நூடில்ஸில் இருந்துதான் இன்றைக்கு இணையத்தில் பார்க்கிற பல செய்முறைகள் வந்தன. நான் சொல்லப்போவதும் அந்த வழிதான், சாமான் மட்டும் நம்முடைய சந்தைச் சாமான்.

என்னென்ன வேண்டும்

நாலு பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த நூடில்ஸ் 400 கிராம். வெள்ளை எள்ளு 100 கிராம், தோல் போகாத பச்சைக் கச்சான் பருப்பு 100 கிராம். இரண்டையும் அரைத்தால் ஒரு கோப்பைக்குக் கொஞ்சம் குறைவாக விழுது வரும். நாலு பேருக்கு அரைக் கோப்பை போதும், மிச்சத்தைப் போத்தலில் போட்டு வைக்கலாம். குறைத்து அரைத்தால் கிரைண்டரின் பிளேட்டில் சரியாகப் பிடிக்காது, அதற்காகத்தான் இந்த அளவு.

சோஸுக்குச் சோயா சோஸ் 3 முதல் 4 மேசைக்கரண்டி, தென்னங்கள் வினாகிரி 2 மேசைக்கரண்டி, சீவிய பனங்கட்டி ஒன்றரை மேசைக்கரண்டி, உள்ளி 4 பல்லு, பெருவிரலில் பாதியளவு இஞ்சி, நல்லெண்ணெய் 5, 6 மேசைக்கரண்டி (அரைக்க, மிளகாய் எண்ணெய்க்கு, நூடில்ஸில் தடவ, எல்லாவற்றுக்கும் சேர்த்து), செத்தல் மிளகாய் 6 அல்லது 8. மேலே போடுவதற்கு வெள்ளரிக்காய், கரட், வெங்காயத்தாள், கொஞ்சம் வறுத்த கச்சான். முட்டையோ கோழியோ உங்கள் விருப்பம்.

வினாகிரி வாங்கும்போது லேபலைப் பாருங்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது, புளிப்பு மூக்கில் குத்தும். தென்னங்கள்ளில் இருந்து வருகிற வினாகிரி மென்மையாக இருக்கும். அதுவும் இல்லை என்றால் கொட்டைப்பாக்கு அளவு பழப்புளியைக் கொஞ்சத் தண்ணீரில் தடிப்பாகக் கரைத்து விடுங்கள். சீனக் கறுப்பு வினாகிரியின் ஆழமான புளிப்புக்குத் தேசிக்காயை விடப் பழப்புளிதான் கிட்ட வரும் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணக் கறித்தூளை மட்டும் போட வேண்டாம். கை தானாக அந்தப் போத்தலுக்குப் போகும், தெரியும். அதில் உள்ள மல்லியும் பெருஞ்சீரகமும் எள்ளின் வாசத்தை அடியோடு மூடிவிடும்.

எள்ளு

வெள்ளை எள்ளையே வாங்குங்கள். கறுப்பு எள்ளிலும் செய்யலாம், ஆனால் அதன் தோலில் கசப்பு இருக்கிறது, சோஸும் கரிநிறமாக வரும். எள்ளுப்பாகுக்குச் செய்வது போல ஊறவைத்துத் தேய்த்துத் தோல் நீக்கத் தெரிந்தவர்களுக்குக் கறுப்பெள்ளும் பிரச்சினை இல்லை, வாசம் அதில் இன்னும் கூட.

திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ நிறுத்து வாங்கும் எள்ளில் பொடி மணல் கட்டாயம் இருக்கும். எவ்வளவு நன்றாக அரைத்தாலும் அந்த மணல் பல்லில் நறநறக்கும், அதற்குப் பிறகு அந்தச் சோஸைக் காப்பாற்ற வழியே இல்லை. அதனால் அரித்து எடுக்க வேண்டும். அகலமான சட்டியில் எள்ளைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கையால் சுழற்றிவிட்டு, எள்ளு மிதந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரோடு மெல்லச் சரித்துக் கண் சிறிய வடியில் ஊற்றுங்கள். மணல் சட்டியின் அடியில் தங்கும். அடியில் ஒன்றும் மிஞ்சாத வரைக்கும் இதைச் செய்யுங்கள். பிறகு துணியில் பரப்பி வெயிலில் போட்டால் சித்திரை, வைகாசியில் சீக்கிரமே காய்ந்துவிடும். மழை நாளில் ஈரம் வடிந்ததும் நேரே தாச்சியில் போட்டு, முதல் கொஞ்ச நேரம் ஈரத்தைப் போக்குவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வறுப்பதற்கு அடி தடித்த தாச்சி, சின்ன நெருப்பு. கரண்டியை நிறுத்தாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த எள்ளுக்கு 6 முதல் 8 நிமிடம் எடுக்கும், ஆனால் மணிக்கூட்டைப் பார்த்து வறுக்கக் கூடாது. முதலில் ஒன்றிரண்டு எள்ளு வெடித்துத் துள்ளும். பிறகு படபடவென்று எல்லாப் பக்கமும் வெடிக்கும், மணமும் அடுப்படியைத் தாண்டி வெளியே போகும். அப்போது இரண்டு எள்ளை எடுத்து விரல் நுனியில் நசுக்கிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பதம் வந்த எள்ளு உடனே மாவாக உடையும், விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும். அந்த நேரம் நிறம் இளம் பொன்னிறத்தைத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கும். உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தாச்சியிலேயே விட்டால் தாச்சியின் சூட்டில் எள்ளு மேலும் கறுகிக் கசந்துவிடும்.

எள்ளுருண்டைக்கு வறுப்பதை விட இதற்கு ஒரு படி கூடுதலாக வறுக்கச் சொல்வேன். சீனச் சமையலில் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுகிற எள்ளெண்ணெய், நன்றாக வறுத்த எள்ளில் இருந்து எடுப்பது. கபில நிறமாக, மணம் தூக்கலாக இருக்கும். நம்முடைய செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, சுவை மென்மை. ஆகவே எண்ணெயில் குறைகிற அந்த வறுத்த மணத்தை எள்ளில்தான் கொண்டுவர வேண்டும்.

கச்சான்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைகளில் மணலில் வறுத்துக் குவித்து வைத்திருக்கிற கோதுக் கச்சானையும் உடைத்துப் பயன்படுத்தலாம், நல்ல சுவை. ஆனால் உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்ததா என்று ஒன்றைத் தின்று பாருங்கள். அப்படி என்றால் சோயா சோஸைக் குறைக்க வேண்டும். மற்ற நாட்களில் பச்சைப் பருப்பை வாங்கி நாமே வறுப்பது நல்லது.

வறுப்பதற்கு முன் சுளகில் பரப்பி ஒவ்வொரு பிடியாகப் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட வேண்டும். கச்சானில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலுக்குப் பெரிய கேடு, வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. கழித்து எறிகிற ஒரு கைப்பிடிக்காக மனம் நோக வேண்டாம்.

சின்ன நெருப்பில் 12, 15 நிமிடம் வறுத்தால் தோலில் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழும், ஒன்றைப் பிளந்து பார்த்தால் உள்ளே பச்சை வெள்ளை போய் இளமஞ்சளாக இருக்கும். சூடாக இருக்கும்போது கச்சான் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுக்கும். அதனால் மொறுமொறுப்பு வரட்டும் என்று அடுப்பிலேயே வைத்திருக்காதீர்கள். ஆறியதும் உள்ளங்கையால் தேய்த்துச் சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும். தோல் முழுக்கப் போகாவிட்டாலும் குறை இல்லை, சோஸின் நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

அரைப்பது

கிரைண்டரின் சின்ன ஜார், துளி ஈரமும் இல்லாமல். முதலில் எள்ளை மட்டும் போட்டு விட்டு விட்டு அரையுங்கள். எள்ளு சிறியது, கச்சானோடு சேர்த்துப் போட்டால் கச்சானின் எண்ணெயில் வழுக்கித் தப்பிவிடும், விழுது கரகரப்பாகவே நிற்கும். எள்ளு தூளாகிச் சுவரில் ஒட்டத் தொடங்கியதும் வழித்துவிட்டுக் கச்சானைச் சேர்த்து அரையுங்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரு கட்டியாகத் திரண்டு ஜாரில் சுற்றும், பிறகு எண்ணெய் விட்டு இளகும். இளக மறுத்தால் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விடுங்கள், பிறகு தேவைப்பட்டால் இன்னொன்று. தண்ணீர் ஒரு சொட்டும் இப்போது கூடாது.

இடையில் நிறுத்தி நிறுத்தி அரைப்பது மோட்டருக்கு மட்டுமில்லை, விழுதுக்கும் நல்லது. ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடேறி விழுதில் ஒரு கருகல் மணம் ஏறும். அம்மி இருக்கிற வீட்டில் அம்மியில் அரையுங்கள், கை வலித்தாலும் பலன் தெரியும். கொஞ்சம் கரகரப்பு இருக்கும், அதுவும் இந்த நூடில்ஸுக்கு அழகுதான்.

மிளகாய் எண்ணெய்

செத்தல் மிளகாயைத் தாச்சியில் வெறுமனே லேசாகச் சூடுகாட்டி, உரலில் ஒன்றிரண்டாக இடித்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். உள்ளியையும் இஞ்சியையும் ஒரு சிட்டிகை உப்போடு நசுக்கி அதே கிண்ணத்தில் சேருங்கள். நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டியைச் சூடாக்கி, ஒரு மிளகாய்த் துண்டைப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் நுரைத்துப் பொரிய வேண்டும், உடனே கறுக்கக் கூடாது. கறுத்தால் எண்ணெய்ச் சூடு அதிகம், அடுப்பில் இருந்து இறக்கி ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு கிண்ணத்தில் ஊற்றினால் சொர்ரென்று பொங்கி அடங்கும். இந்தச் சூட்டில் உள்ளியின் பச்சைக் காரம் போய் வாசம் நிற்கும். நம்முடைய செத்தல் உறைப்பு அதிகம், பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்றால் விதையைத் தட்டி எறிந்துவிட்டு 3 மிளகாயோடு நிறுத்துங்கள். அல்லது மிளகாய்க்கு வேறு கிண்ணம் வைத்துப் பெரியவர்களுக்கு மட்டும் மேலே விடலாம்.

சோஸ் கரைப்பது

இந்த இடத்தில்தான் பலர் பயந்து நிறுத்திவிடுவார்கள். பனங்கட்டியைக் குட்டானில் இருந்து எடுத்துச் சீவி, 100 மில்லிலீற்றர் அளவு சுடுதண்ணீரில் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள், அடியில் எப்போதும் கொஞ்சம் தூசி இருக்கும். அது இளஞ்சூடாக ஆறட்டும். அகலக் கிண்ணத்தில் அரைக் கோப்பை விழுதைப் போட்டு, இந்தத் தண்ணீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டுக் கலக்குங்கள்.

முதல் இரண்டு கரண்டி விட்டதும் நன்றாக இருந்த விழுது இறுகித் திட்டுத் திட்டாகிக் கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தனியாகக் கசியவும் பார்க்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். விழுது என்பது எண்ணெய்க்குள் மிதக்கிற எள்ளு, கச்சான் துகள்கள். கொஞ்சமாகத் தண்ணீர் வந்ததும் அந்தத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதனால்தான் இறுகுகிறது. இன்னும் தண்ணீர் வரும்போது நிலைமை மாறி, எண்ணெய் பொடித் துளிகளாகத் தண்ணீருக்குள் கலந்து நிற்கும். நாலாவது, ஐந்தாவது கரண்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கபில நிறம் திடீரென்று வெளிறிப் பால் கலந்த மாதிரியாகும், கரண்டி லேசாகச் சுழலும், கிண்ணத்தின் ஓரத்தில் பளபளப்பு வரும். எல்லாத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றினால் கட்டிகள் அடியில் அப்படியே நின்றுவிடும், பிறகு நசுக்கி நசுக்கியே கை ஓய்ந்துவிடும்.

வெளிறிய பிறகு சோயா சோஸ் 3 மேசைக்கரண்டி, வினாகிரி, ஆறிய மிளகாய் எண்ணெய்க் கலவை எல்லாவற்றையும் விட்டுக் கலக்கி ருசி பாருங்கள். வெறும் சோஸ் நாக்கில் கொஞ்சம் உப்பாகவும் புளிப்பாகவும் தூக்கலாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் நூடில்ஸில் பிரட்டியதும் பாதியாக அடங்கிவிடும். குறைந்தால் நாலாவது கரண்டி சோயா சோஸ். உப்பைத் தனியாகப் போட அவசரப்பட வேண்டாம். பதம் ஆடிக்கூழின் தடிப்பில் இருந்தால் சரி, கரண்டியில் இருந்து பட்டியாக விழுந்து மேலே ஒரு கணம் கோடு நின்று மறைய வேண்டும். வைத்திருக்க வைத்திருக்க இறுகும், பிரட்டும்போது ஒரு கரண்டி சுடுதண்ணீர் கைக்காவலாக இருக்கட்டும்.

நூடில்ஸ்

கோதுமை நூடில்ஸ், அதிலும் கொஞ்சம் தடித்தது இதற்கு நல்லது. மெல்லிய நூடில்ஸ் இந்தச் சோஸின் பாரத்தில் கட்டியாகிவிடும். வெள்ளிக்கிழமை சைவத்துக்குச் செய்கிறீர்கள் என்றால் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள், பல நூடில்ஸில் முட்டை இருக்கும். அரிசி நூடில்ஸும் போடலாம், சீக்கிரம் உடையும் என்பதால் மெதுவாகப் பிரட்ட வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக அரிசி நூடில்ஸுக்கு மாறுகிறவர்கள் சாதாரணச் சோயா சோஸிலும் கோதுமை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இடியப்பத்தில் செய்யலாமா என்று கேட்பார்கள். பிரட்டினால் பிட்டாகிவிடும். சோஸை இன்னும் தண்ணியாகக் கரைத்து இடியப்பத்தின் மேல் சொதி விடுவது போல விட்டுச் சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு சாப்பாடு.

பெரிய பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு நூடில்ஸைப் போட்டு, பக்கற்றில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது, ஆனால் பல்லுக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும். ஆறவைக்கப் போகிற நூடில்ஸ் ஆறும்போது இன்னும் கொஞ்சம் இறுகும், அதனால் அரைவேக்காட்டில் எடுத்துவிடவும் கூடாது.

வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் மேலே இருக்கிற மாப்பசை போகும், வேகுவதும் நிற்கும். இதை மறுபடி சூடாக்காமல் சாப்பிடப் போகிறோம் என்பதால் கிணற்றுத் தண்ணீரிலோ பைப் தண்ணீரிலோ நேரே அலச வேண்டாம், கொதித்தாறிய தண்ணீரை முன்கூட்டியே பிரிஜில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லை என்றால் சிச்சுவான் வழியே நமக்கு இன்னும் பொருத்தம்: அலசவே வேண்டாம், வடித்த நூடில்ஸைப் பெரிய தட்டில் கொட்டி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்குக் கீழே வைத்து இரண்டு முள்ளுக்கரண்டியால் தூக்கித் தூக்கிப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆவி போய், ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, மேல்பக்கம் காய்ந்து நிற்கும். இந்த முறையில் சோஸ் நன்றாகப் பிடிக்கும், எனக்குப் பிடித்ததும் இதுதான். அலசினாலும் சரி, விசிறினாலும் சரி, ஈரம் சொட்டுகிற நூடில்ஸில் சோஸை விட்டால் எல்லாம் அடியில் தண்ணீராக ஓடிவிடும்.

பிரட்டுவது

முதலில் சோஸில் முக்கால்வாசியை விட்டுப் பிரட்டுங்கள், இழையெல்லாம் பூசிய பிறகு மிச்சம் தேவையா என்று பார்த்து விடலாம். வெள்ளரிக்காயின் விதைப் பகுதியை வழித்துவிட்டு மெல்லிய குச்சிகளாக அரியுங்கள், விதையோடு போட்டால் தண்ணீர் விடும். கரட்டும் அப்படியே. வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து, வறுத்த கச்சானை உரலில் ஒரு தட்டுத் தட்டி மேலே தூவுங்கள். தடித்த, எண்ணெய்ச் சத்துள்ள சோஸுக்குப் பக்கத்தில் குளிர்ச்சியான வெள்ளரிக்காய் கட்டாயம் வேண்டும், வேறு எதை விட்டாலும் அதை விடாதீர்கள். முளைவிட்ட பயறும் நன்றாகச் சேரும். அவித்துப் பிய்த்த கோழி நெஞ்சுத் துண்டோ, மெல்லியதாகச் சுட்டு நீளமாக அரிந்த முட்டையோ வைத்தால் அது ஒரு முழுச் சாப்பாடு.

விருந்தாளிகளுக்குக் கொடுக்கும்போது கச்சானும் எள்ளும் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டுமே சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கொடுக்கும், சோஸாகக் கரைந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் கொடுத்து அனுப்புவதற்கு முன்னும் இதை யோசிக்க வேண்டும், பிள்ளைகள் பங்கிட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

மாரியில் சூடாக

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறிய நூடில்ஸ் யாருக்கும் இறங்காது. அப்போது வுஹான்காரர் செய்வது போலச் செய்யுங்கள். நூடில்ஸை முக்கால் பதத்தில் வடித்து, எண்ணெய் தடவி விசிறி வைத்துவிட்டு, சாப்பிடும் நேரத்தில் ஒரு வடியில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் முக்கி உதறி எடுத்து, கோப்பையில் இருக்கிற சோஸின் மேல் போட்டு உடனே பிரட்ட வேண்டும். சோஸ் கொஞ்சம் தடிப்பாகவே இருக்கலாம், நூடில்ஸின் சூட்டில் இளகும். வெள்ளரிக்காய்க்குப் பதிலாக ஊறுகாயைப் பொடியாக அரிந்து போட்டால் அந்தப் பக்கத்துச் சுவைக்குக் கிட்ட வரும், ஆனால் கடுகும் மசாலாவும் தூக்கலான ஊறுகாய் வேண்டாம், வினாகிரியில் போட்ட மரக்கறி போதும்.

மிச்சம் வந்தால், பிழைத்தால்

அரைத்த விழுது ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் பிரிஜில் ஒரு மாதம் நன்றாக இருக்கும். எண்ணெய் மேலே மிதக்கும், கிளறிவிட்டு எடுங்கள், ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. சிக்கெண்ணெய் மணம் வந்தால் எறிந்துவிட வேண்டும். கரைத்த சோஸ் மூன்று நாள். பிரட்டிய நூடில்ஸை அன்றைக்கே முடித்துவிடுங்கள், முட்டையோ கோழியோ சேர்த்தது என்றால் நம்முடைய வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

சோஸ் கசந்தால் எள்ளு அதிகமாகக் கருகியிருக்கிறது. லேசான கசப்பு என்றால் பனங்கட்டியும் இன்னும் இரண்டு கரண்டி கச்சான் விழுதும் சரிக்கட்டும், கடுமையான கசப்பு என்றால் எள்ளைப் புதிதாக வறுப்பதுதான் வழி. உப்புக் கூடினால் தண்ணீர் விட்டு ஐதாக்காமல் விழுதைக் கூட்டுங்கள். சப்பென்று இருந்தால் பெரும்பாலும் குறைவது புளிப்பு, உப்பில்லை. முதலில் அரைத் தேக்கரண்டி வினாகிரி விட்டு, மறுபடி ஒரு வாய் ருசித்துப் பாருங்கள்.